கையில் எடுத்துப் போகும் கம்ப்ரஸரா, வண்டியிலேயே பொருத்தியதா? ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மணலிலும் பாறையிலும் வண்டியை இறக்கிப் பழகியவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்கிறார்கள். டயருக்குக் காற்று ஏற்ற, பேட்டரியில் கிளிப் மாட்டி ஓட்டும் சின்ன கம்ப்ரஸரே போதுமா? இல்லை, வண்டியிலேயே நிரந்தரமாக ஒன்றைப் பொருத்திவிடலாமா? பொருத்துவது என்றால் மின்சாரத்தில் ஓடுவதா, எஞ்சின் பெல்ட்டில் ஓடுவதா? இதற்கு நடுவில் யாராவது ஒருவர் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வாங்கச் சொல்லிக் குழப்பிவிடுகிறார்.

எல்லோரும் மாடலிலிருந்து தொடங்குகிறார்கள். நான் டயரிலிருந்து தொடங்குகிறேன். 35 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு) காற்றோடு மணலுக்குள் போகும் டயர் மணலை உழுதுகொண்டு போகும். அதையே 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் தரையில் பதியும் தடம் நீளவாக்கில் விரிந்து, எஞ்சின் திணறாமல் வண்டி மேலேயே போகும். இது தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தும் இறக்காமல் போகிறவர்கள்தான் அதிகம். காரணம் எளிது: இறக்க ஐந்து நிமிடம், திரும்ப ஏற்ற முக்கால் மணி நேரம். “கொஞ்ச தூரம்தானே” என்று உள்ளே போய் அச்சு வரை புதைத்துக்கொண்டவர்களை இழுத்துவிட்டிருக்கிறேன். வெளியே வந்ததும் காற்று ஏற்ற அலுப்புப்பட்டு, குறைந்த காற்றோடே தார்ச்சாலையில் வேகமாகப் போய் டயரின் பக்கச்சுவரைச் சூடேற்றிக் கெடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அதனால் என்னுடைய முதல் அளவுகோல் இதுதான்: எது கையில் இருந்தால் நீங்கள் யோசிக்காமல் காற்றை இறக்குவீர்கள்?

## எதை வைத்து எடை போடுவது

எவ்வளவு காற்று வேண்டும். 265/70 ஆர் 17 அளவு டயர் ஒன்றின் உள்ளே சுமார் 80 லிட்டர் இடம் இருக்கும். அதை 18 பிஎஸ்ஐயிலிருந்து 35க்கு ஏற்ற வேண்டுமானால் 17 பிஎஸ்ஐ கூட்ட வேண்டும். வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ என்பதால், வெளிக்காற்றுக் கணக்கில் ஒரு டயருக்கு ஏறக்குறைய 92 லிட்டர் தேவை. நான்குக்கும் சேர்த்து 370 லிட்டர். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதை வகுத்துப் பார்க்கும் கணக்குதான்.

பெட்டியின் மேல் பெரிதாகப் போட்டிருக்கும் “நிமிடத்துக்கு இத்தனை லிட்டர்” என்பது பெரும்பாலும் எதிர் அழுத்தமே இல்லாதபோது வெளிவரும் அளவு. டயருக்குள் 30 பிஎஸ்ஐ இருக்கும்போது அது நன்றாகக் குறையும். மலிவான கம்ப்ரஸர்களில் பாதி அளவுக்குக்கூட இறங்கலாம். 30 பிஎஸ்ஐயில் எவ்வளவு தருகிறது என்று கேட்டு வாங்குங்கள். அந்த அட்டவணையைத் தராத பொருளைத் தள்ளிவைப்பதே நல்லது.

எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடும். டியூட்டி சைக்கிள், அதாவது மொத்த நேரத்தில் ஓடக்கூடிய பங்கு, 33 சதவீதம் என்றால் பத்து நிமிடம் ஓடிவிட்டு இருபது நிமிடம் ஆற வேண்டும். முதல் இரண்டு டயரை விறுவிறுவென்று நிரப்பிவிட்டு மூன்றாவதில் நின்றுபோகும் கம்ப்ரஸரைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மின்சாரம் எங்கிருந்து. ஒற்றை சிலிண்டர் கம்ப்ரஸர் 30 ஆம்பியர் வரை இழுக்கும். பெரிய இரட்டை சிலிண்டர் 60க்கு அருகில் போகும்.

டயரைத் தவிர வேறென்ன. காற்றில் இயங்கும் டிஃபரன்ஷியல் லாக்கர் (ஒரே அச்சின் இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்றவைப்பது), பின்பக்க ஸ்பிரிங்குக்குத் துணையாகச் சுமை தாங்கும் ஏர் பேக், காற்றுக் கருவிகள், இழுத்து வரும் டிரெய்லரின் டயர்கள். இவற்றில் ஏதாவது உங்களிடம் உண்டா?

கெட்டுப்போனால். கையில் இருப்பது கெட்டால் பக்கத்து வண்டிக்காரரிடம் கேட்கலாம். பொருத்தியது கெட்டால் பானட்டைத் திறந்து ஃப்யூஸ், ரிலே, ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும்.

## கையில் எடுத்துப் போகும் 12 வோல்ட் கம்ப்ரஸர்

நான் தொடங்கியது இதில்தான், பெரும்பாலானவர்கள் தொடங்க வேண்டியதும் இதில்தான். எந்த வண்டிக்கும் மாற்றிக்கொள்ளலாம், யாருக்கும் கடன் கொடுக்கலாம். வண்டியை விற்கும்போது இது உங்களோடு வந்துவிடும். ஒரு துளைகூடப் போட வேண்டியதில்லை.

ஆனால் இரண்டு வகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுவது ஒரு வகை, பேட்டரி முனையில் முதலை கிளிப் மாட்டுவது இன்னொரு வகை. லைட்டர் சாக்கெட்டின் ஃப்யூஸ் பொதுவாக 10 முதல் 20 ஆம்பியர் வரைதான் இருக்கும். என்னுடைய முதல் கம்ப்ரஸரை அதில் செருகி ஓட்டியபோது இரண்டாவது டயரில் ஃப்யூஸ் போனது. பொழுது சாயும் நேரம், பாதிக் காற்றோடு மூன்று டயர், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஃப்யூஸ் பெட்டியைத் தேடிய அந்த அரை மணி நேரத்துக்குப் பிறகு கிளிப் வகையைத் தவிர வேறு எதையும் நான் யாருக்கும் சொன்னதில்லை.

நல்ல கிளிப் வகை கம்ப்ரஸர் 30 பிஎஸ்ஐயில் நிமிடத்துக்கு 40, 50 லிட்டர் தரும். நம் 370 லிட்டருக்கு எட்டு, ஒன்பது நிமிட ஓட்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையில் ஆகும் நேரம் அரை மணிக்கு அருகில். பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பையைத் தேடி எடுத்து, பானட்டைத் திறந்து, கிளிப்பை மாட்டி, ஹோஸை விரித்து, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் முழங்காலிட்டு முனையைத் திருகி மாட்ட வேண்டும். நான்காவது டயருக்கு வரும்போது பித்தளை முனை விரலைச் சுடும். துணி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அப்புறம் எல்லாவற்றையும் மணல் தட்டிச் சுருட்டிப் பையில் போட வேண்டும். ஓட்ட நேரத்தைவிட இந்தச் சுற்று வேலைதான் அதிகம். மழையில், சேற்றில், இருட்டில் இது இன்னும் கூடும்.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் இடம் ஒன்று. அதோடு, பின் டயருக்கும் டிரெய்லருக்கும் எட்டாத குட்டை ஹோஸ். நீளமான ஹோஸ் கூடவே வாங்கிவிடுங்கள்.

எப்போது இதுவே சிறந்தது: வருடத்துக்கு நான்கைந்து பயணம், வீட்டில் இரண்டு வண்டி, அல்லது இந்த வண்டியை எவ்வளவு நாள் வைத்திருப்போம் என்று இன்னும் முடிவாகவில்லை.

கருவி பேட்டரியில் ஓடும் குட்டி இன்ஃப்ளேட்டர்களையும் சிலர் கேட்கிறார்கள். பஞ்சரான ஒரு டயருக்குச் சரி. நான்கு பெரிய டயர்களை இரு மடங்காக ஏற்றுவதற்கு அவை செய்யப்பட்டவை இல்லை.

## வண்டியில் பொருத்தும் மின் கம்ப்ரஸர்

இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. கம்ப்ரஸரைத் தேர்ந்தெடுப்பது சுலபம், அதை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த வேலையே இருக்கிறது.

முதலில் பயன். ஸ்விட்சைத் தட்டினால் ஓடும். பம்பரில் இருக்கும் இணைப்பில் ஹோஸைச் செருகினால் வேலை தொடங்கிவிடும். இரட்டை சிலிண்டர் வகை 30 பிஎஸ்ஐக்கு அருகில் நிமிடத்துக்குச் சுமார் 130 லிட்டர் தரும். மொத்த ஓட்டமே மூன்று நிமிடம். நான்கு வால்விலும் ஒரே நேரத்தில் மாட்டும் நான்கு கால் ஹோஸையும் சேர்த்துக்கொண்டால், நீங்கள் கயிறுகளைச் சுருட்டி முடிப்பதற்குள் நான்கு டயரும் ஒரே அழுத்தத்தில் நிற்கும். அந்த வசதிக்குப் பழகியவர்கள் அரை கிலோமீட்டர் மணலுக்கும் காற்றை இறக்குகிறார்கள். முதலில் சொன்ன அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண்.

இனி இடம்.

பானட்டுக்குள்: பேட்டரி பக்கத்தில் இருப்பதால் வயர் குறைவு, சத்தம் வெளியே. ஆனால் சூடு. லோ ரேஞ்சில் (குறைந்த வேகத்துக்கான கியர்) மெதுவாக ஏறி இறங்கி முடித்ததும் பானட்டுக்குள் காற்று கொதித்துக்கொண்டிருக்கும், நீங்கள் கம்ப்ரஸரைப் போடுவதும் சரியாக அந்த நேரத்தில்தான். ஏற்கெனவே சூடான மோட்டார் சீக்கிரமே வெப்பத் தடுப்பில் நின்றுவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, டர்போ பக்கம் வேண்டாம். இன்னொன்று: இன்றைக்கு அந்த இடத்தில் கம்ப்ரஸர் வைத்தால் நாளைக்கு இரண்டாவது பேட்டரி வைக்க இடம் இருக்காது. இரண்டில் எது முக்கியம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்.

சீட்டுக்கு அடியில்: சுத்தமான, உலர்ந்த இடம். நான் விரும்புவது இதுதான். அறைக்குள் சத்தம் கேட்கும், ஆனால் காற்று ஏற்றும்போது நீங்கள் வெளியேதானே நிற்கிறீர்கள். காற்றோட்டம் அடைபடாமல் தரை விரிப்பை வெட்டிவிட வேண்டும்.

பின்பக்கச் சாமான் அறை: இடம் தாராளம், ஆனால் வயர் நீளம். இங்கே ஒரு கணக்கு. பேட்டரியிலிருந்து பின்பக்கம் 4 மீட்டர், போய்த் திரும்ப 8 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 60 ஆம்பியர் போனால் வழியிலேயே ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் தொலைந்துவிடும். மோட்டார் மெதுவாகச் சுற்றும், வயர் சூடாகும். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு ஏறக்குறைய அரை வோல்ட்டில் நிற்கும். விலை கூடத்தான், ஆனால் இதில் கை சுருக்குவதற்கு இடமில்லை. ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கம்ப்ரஸர் பக்கத்தில் ஃப்யூஸ் வைத்தால், நடுவில் வயர் உராய்ந்து பாடியைத் தொடும்போது அது எதையும் காப்பாற்றாது.

சேஸிஸுக்கு அடியில்: கூடாது என்றுதான் சொல்வேன். ஐபி 55 என்று போட்டிருப்பது தூசுக்கும் தெறிக்கும் தண்ணீருக்கும்தான், மூழ்குவதற்கு அல்ல. ஓடிச் சூடான கம்ப்ரஸர் குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, கிடைத்த இடுக்கு வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

எங்கே வைத்தாலும் காற்று உள்ளே போகும் ஃபில்டரை ஒரு குழாய் போட்டு உயரத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். தூசு, தண்ணீர் இரண்டுக்கும் அது போதும். வெளியே வரும் காற்று கடுமையாகச் சுடும் என்பதால் சிலிண்டர் தலையிலிருந்து கிளம்பும் முதல் துண்டு ஹோஸ் உலோகப் பின்னல் போட்ட டெஃப்லான் வகையாக இருக்க வேண்டும். சாதாரண நைலான் குழாய் அங்கே இளகிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகளை இங்கே கூட்டிப் பார்க்க வேண்டும். வண்டிக்கு ஏற்ற பிராக்கெட், வயர், ரிலே, ஸ்விட்ச், ஹோஸ், பம்பர் இணைப்பு, அதோடு பொருத்துபவரின் ஒரு நாள் கூலி. கம்ப்ரஸரின் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் பாதியில் தடுமாறுவது இங்கேதான். பிராக்கெட்டில் மிச்சம் பிடிக்கவே கூடாது. இரட்டை சிலிண்டர் கம்ப்ரஸர் கனமானது. அலையலையான மண்சாலையில் சில மணி நேரம் அதிர்ந்தால் மெல்லிய தகட்டு பிராக்கெட் மடிப்பில் விரிசல் விடும். நண்பர் ஒருவரின் வண்டியில் அப்படி விரிசல் விட்டுச் சாய்ந்த கம்ப்ரஸர் ரேடியேட்டர் ஹோஸை உராய்ந்துகொண்டிருந்ததை, கூலன்ட் வாசனை வந்த பிறகுதான் கண்டுபிடித்தோம்.

ஹைபிரிட், மின்சார வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் 12 வோல்ட் பேட்டரி சிறியது, அதற்கு ஆல்டர்னேட்டர் இல்லாமல், பெரிய பேட்டரியின் மின்னழுத்தத்தை 12 வோல்ட்டாகக் குறைக்கும் மாற்றி வழியாக மின்சாரம் வரலாம். கூடுதலாக 60 ஆம்பியரை அது தாங்குமா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

எப்போது இதுவே சிறந்தது: மாதத்துக்கு இரண்டு முறையாவது காற்றை இறக்கி ஏற்றுகிறீர்கள், வண்டியை நீண்ட நாள் வைத்திருப்பது உறுதி. அல்லது காற்று லாக்கர் போடப்போகிறீர்கள். லாக்கருக்கு 100 பிஎஸ்ஐ அளவில் கொஞ்சம் காற்று ஸ்விட்ச் தட்டியவுடன் கிடைக்க வேண்டும் என்பதால் அங்கே கையடக்க வகைக்கு வேலையே இல்லை. ஆனால் லாக்கருக்கென்றே வரும் மிகச் சிறிய கம்ப்ரஸரை வாங்கி டயருக்கும் அதையே நம்பாதீர்கள்.

ஒற்றை சிலிண்டரா, இரட்டையா? 31 அங்குலம் வரையிலான டயருக்கு ஒற்றை போதும். 33 அங்குலத்துக்கு மேல், அல்லது டிரெய்லர் உண்டென்றால் இரட்டை.

### காற்றுத் தொட்டி தேவையா?

பலர் நினைப்பது போல டயர் ஏற்ற இது பெரிதாக உதவாது. 4 லிட்டர் தொட்டியில் 150 பிஎஸ்ஐ வைத்திருந்தாலும், 35 பிஎஸ்ஐ டயருக்கு அதிலிருந்து கிடைப்பது வெளிக்காற்றுக் கணக்கில் 31 லிட்டர்தான். ஒரு டயரின் தேவையில் மூன்றில் ஒரு பங்கு. ரிம்மிலிருந்து கழன்ற டயரை ஒரே வீச்சில் உட்கார வைக்கவும், ஹார்னுக்கும், லாக்கருக்காக மோட்டார் அடிக்கடி ஓடி நிற்பதைக் குறைக்கவும் தொட்டி நல்லது. வைத்தால் அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வும் பாதுகாப்பு வால்வும் கட்டாயம்.

## எஞ்சின் பெல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர்

பழைய ஏசி கம்ப்ரஸரைக் காற்று அடிக்க மாற்றிக்கொள்ளும் வழி இது. பழைய ஆட்கள் யார்க் என்ற பிராண்டின் ஏசி கம்ப்ரஸரைத் தேடி அலைந்ததற்குக் காரணம் உண்டு. அதற்குத் தனி ஆயில் தொட்டி உள்ளேயே இருக்கிறது, பெரிய மாடல் ஒரு சுற்றுக்குச் சுமார் 170 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளும். இன்னொரு பிராண்டான சாண்டன் வகையில் அப்படி ஆயில் தொட்டி கிடையாது. ஏசி வாயுவோடு சுற்றி வரும் ஆயிலை நம்பியே அது ஓடும். அதைக் காற்றுக்குப் பயன்படுத்தினால் நுழைவாயிலில் ஆயில் சொட்டவிட வேண்டும், வெளிவாயிலில் ஆயிலைப் பிரித்தெடுக்க வேண்டும்.

மின்சாரப் பிரச்சினை இல்லை, அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டலாம், காற்றுக் கருவிகளையும் ஓரளவு ஓட்டலாம். ஆனால் இன்றைய வண்டிகளில் பெல்ட் பாதையில் இன்னொரு கப்பிக்கு இடம் கிடைப்பதே அபூர்வம். ஏசியை இழக்க யாரும் தயாராக இருக்க மாட்டார்கள். கிளட்ச் ஒட்டிக்கொண்டால் எஞ்சின் நிற்கும் வரை காற்று ஏறிக்கொண்டே போகும், பாதுகாப்பு வால்வு இல்லாமல் இதை ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. காற்றுக் கருவிதான் காரணம் என்றால் எனக்கு அதில் இப்போது நம்பிக்கை இல்லை. பேட்டரியில் ஓடும் இம்பேக்ட் ரெஞ்ச் சக்கர நட்டை அலுங்காமல் கழற்றிவிடுகிறது.

எப்போது இதுவே சிறந்தது: எஞ்சின் அறையில் இடம் இருக்கும் பழைய வண்டி, சொந்தமாக வெல்டிங் செய்யும் கை, குழுவில் பத்து வண்டிக்குக் காற்று அடித்துக்கொடுக்கும் பொறுப்பு.

## கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர்

வேகத்தில் இதை எதுவும் மிஞ்சாது. டயருக்கு அரை நிமிடம், முக்கால் நிமிடம். சத்தமில்லை, வயரில்லை. ஒரு கிலோ திரவம் ஏறக்குறைய 540 லிட்டர் வாயுவாக விரியும். நான்கு டயருக்கு 700 கிராம் போதும். 5 கிலோ சிலிண்டரில் ஏழு முறை.

தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு. உள்ளே திரவம் இருக்கும் வரை அழுத்தமானி ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டும். எவ்வளவு மிச்சம் என்று எடை போட்டால்தான் தெரியும். 31 டிகிரி செல்சியஸுக்கு மேல் அது திரவமாகவே இருக்காது, அழுத்தம் வேகமாக ஏறும். குறித்த எடைக்கு மேல் நிரப்புவதும் வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விடுவதும் ஆபத்து. மூடிய கேபினுக்குள் கசிந்தால் மூச்சு முட்டி மயக்கம் வரும். படுக்க வைத்துத் திறந்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போய் உறையும். ரப்பர் வழியாக இந்த வாயு காற்றைவிட வேகமாகக் கசிவதால் சில நாளில் டயர் அழுத்தத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். காலியானதும், நிரப்பும் இடத்துக்குப் போகும் வரை உங்களிடம் ஒன்றுமே இல்லை.

எப்போது இதுவே சிறந்தது: ஒரு நாள், இரண்டு நாள் பயணங்கள், நிரப்பும் இடம் பக்கத்தில். நீண்ட பயணத்துக்கு இதை மட்டும் நம்ப மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | கையடக்கம் (கிளிப்) | பொருத்திய இரட்டை சிலிண்டர் | எஞ்சின் பெல்ட் | கார்பன் டை ஆக்சைடு |
|---|---|---|---|---|
| 370 லிட்டருக்கு ஓட்ட நேரம் | 8–9 நிமிடம் | சுமார் 3 நிமிடம் | எஞ்சின் வேகத்தைப் பொறுத்தது | 2–3 நிமிடம் |
| எடுத்து வைக்கும் வேலை | அதிகம் | மிகக் குறைவு | மிகக் குறைவு | குறைவு |
| பொருத்தும் வேலை | இல்லை | ஒரு நாள் | பல நாள் | தாங்கி மட்டும் |
| லாக்கருக்கு | உதவாது | உதவும் | உதவும் | சிரமம் |
| வேறு வண்டிக்கு மாற்ற | உடனே | கழற்றிப் பொருத்த வேண்டும் | கிட்டத்தட்ட முடியாது | உடனே |
| தீர்ந்துபோகுமா | இல்லை | இல்லை | இல்லை | ஆம் |

## என்னைக் கேட்டால்

முதல் வருடம் நல்ல கிளிப் வகை ஒன்றை வாங்கி ஓட்டுங்கள். ஒவ்வொரு பயணத்திலும் எத்தனை முறை காற்றை இறக்கினீர்கள், எத்தனை முறை இறக்க நினைத்து விட்டுவிட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். விட்டுவிட்ட கணக்கு கூடினால் பொருத்தும் நேரம் வந்துவிட்டது. அப்போதும் பழையதை விற்க வேண்டாம். தனியாகத் தொலைதூரம் போகிறவர்களுக்குப் பொருத்தியது நின்றுபோனால் கைகொடுக்க அதுதான் இருக்கும்.

பொருத்தி முடித்த அன்றே எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் நுரை முட்டைவிட்டுக் காட்டிக்கொடுக்கும். லாக்கர் அமைப்பில் அந்தச் சின்னக் கசிவே மோட்டாரை நாள் முழுக்க விட்டுவிட்டு ஓடவைக்கும். முதல் நீண்ட மண்சாலைப் பயணம் முடிந்ததும் பிராக்கெட் போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். காற்று ஏற்றும்போது எஞ்சின் ஓடட்டும். ஹோஸில் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது மானி கூடுதலாகக் காட்டும், நிறுத்திவிட்டு அளவெடுங்கள். ஓடிச் சூடான டயரை 35க்கு ஏற்றினால் காலையில் ஆறிய பிறகு குறைவாக இருக்கும், கிளம்பும் முன் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.